மாவு மில்லுக்குப் பக்கத்துக் கடை

"அடகுக்கடை நம்ம தெருவுல இருக்கவே கூடாது. அவ்ளோதான்!"

ராமராஜன் சொல்லி முடித்ததும் கூட்டத்தில் பலத்த கைதட்டல்.

ஊரிலுள்ள அடகுக்கடைகளைக் குடியிருப்புத் தெருக்களில் விட்டுவைப்பதா, எல்லாவற்றையும் கடைத்தெருவுக்கு அனுப்பிவிடுவதா என்று மாநகராட்சி யோசித்துக்கொண்டிருந்தது. அந்தந்த வார்டு கவுன்சிலர் தன் கருத்தைச் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் நெசவுக்காரர்களின் தெருவில் இந்தக் கூட்டம்.

கவுன்சிலர் சுகாசினி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பொண்ணு பாக்க வர்றவங்க கண்ணுல மொதல்ல அந்த போர்டுதான் படுது. இது பட்டு நெய்யற தெருவா, கடன்காரங்க தெருவான்னு கேக்கறாங்கமா!" என்றார் ராமராஜன்.

கடைக்காரர் மாணிக்கவேல் எழுந்தார். "எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்லீங்க. கடைத்தெருவுல இடம் பாத்துட்டேன். வியாபாரமும் அங்க நல்லாவே ஓடும்."

"அவரே சொல்லிட்டாரு" என்றார் ராமராஜன். " கடை போகணும்ங்கறவங்க கை தூக்குங்கப்பா!"

முதலில் இடது கையைத் தூக்கியவர் அவர்தான். பக்கத்தில் இருந்த அவர் மனைவி வடிவாம்பாள், கொஞ்சம் தயங்கிவிட்டுத் தூக்கினாள். தூக்காத கையே இல்லை.

சுகாசினி எழுந்தாள்.

"எல்லாரும் மன்னிக்கணும். கடை இப்ப இருக்கற எடத்துலயே இருக்கட்டும்னுதான் நான் சொல்லப்போறேன்."

"ஏன்?"

அவள் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"ஏன்னு நான் சொல்றேன்" என்றார் ராமராஜன். " அந்தக் கட்டடம் யாருது? இவங்க மாமனாருது! ஒரு பக்கம் மாவு மில்லு, ஒரு பக்கம் அடகுக்கடை. ரெண்டு வாடகையும் எங்க போவுது? ஓட்டுப் போட்ட நம்மளைச் சொல்லணும்!"

சுகாசினி தலையைக் குனிந்தபடி வெளியே போய்விட்டாள்.

மறுநாள் காலை அவள் மாவு மில்லில் அரிசி அரைக்கக் காத்திருந்தாள். மிஷினில் யாருடைய மிளகாயோ ஓடிக்கொண்டிருந்தது. நெடி தாங்கவில்லை.

வடிவாம்பாள் வந்தாள். மிளகாய் டின்னை வரிசையில் வைத்தாள். மில்லுக்குள்ளிருந்தே அடகுக்கடைக்குப் போக ஒரு சின்னக் கதவு உண்டு. அதன் பக்கம் போனவள், சுகாசினியைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

"நேத்து நானும் கை தூக்கிட்டேன்மா."

"அண்ணன் பக்கத்துல உக்காந்துகினு வேற என்னக்கா பண்ணுவீங்க?"

வடிவாம்பாளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"அவரு தோள்பட்டை ஆபரேஷனுக்கு வளையலை இங்கதான் வெச்சேன், மாசாமாசம் வந்து வட்டி கட்டறேன். சீட்டு எடுத்தேன்னு சொல்லி வெச்சிருக்கேன். உண்மை தெரிஞ்சா, வலி விடறதுக்கு முன்னாடியே தறியில போய் உக்காந்துடுவாரு."

"எனக்கு எதுக்குக்கா இதெல்லாம் சொல்றீங்க? போய்ட்டு வாங்க."

"உன்னை ஊரே தப்பாப் பேசுது. காரணத்தையாவது சொல்லியிருக்கலாம்ல?"

"என்னன்னு சொல்றது? கடைத்தெருவுல படியேறினா நாலு பேரு பாப்பாங்க, இங்க மாவு அரைக்கற சாக்குல வந்துட்டுப் போலாம்னா? அப்புறம் டின்னைத் தூக்கிக்கினு வர்ற ஒவ்வொருத்தரையும் ஒரு மாதிரி பாக்க ஆரம்பிச்சிடுவாங்கக்கா."

வடிவாம்பாள் அவள் கையைப் பிடித்து ஒருமுறை அழுத்தினாள். பிறகு கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

கதவு மூடி இரண்டு நிமிஷம் ஆகியிருக்காது. வாசலில் ராமராஜனின் குரல்.

"எங்க வீட்ல இங்க வந்தாங்களா?"

சுகாசினி அவசரமாக வாசலுக்கு வந்தாள்.

"அக்கா உள்ள மிளகாய் அரைக்கறாங்கண்ணே. நெடி ஜாஸ்தியா இருக்குது, நீங்க அங்கயே நில்லுங்க."

முந்தின நாள் பேசியது நினைவுக்கு வந்ததோ என்னவோ, அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனாலும் போகாமல் இருமிக்கொண்டே நின்றார்.

மிளகாய் அரைபட்டு முடிந்து, வடிவாம்பாள் டின்னோடு வெளியே வந்தாள். கண்ணும் மூக்கும் சிவந்திருந்தன.

ராமராஜன் பதறிப்போனார். டின்னை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"கண்ணு எப்படி ஆயிடுச்சு பாரு! இனிமே நீ வர வேணாம். நானே கொண்டாந்து அரைச்சுக்கினு வரேன்."

வடிவாம்பாள் சட்டென்று சுகாசினியைத் திரும்பிப் பார்த்தாள்.

"அதெல்லாம் முடியாதுண்ணே" என்றாள் சுகாசினி. "இந்த மில்லுல பொம்பளைங்களுக்கு மட்டுந்தான் அரைப்பாங்க."

"இது எப்பலேர்ந்து?"

"இன்னிலேர்ந்துதாண்ணே."