பொய்யன்

கம்ப்யூட்டர் சிப்பை அதன் வரம்பைத் தாண்டி ஓடவைத்துப் பார்ப்பவர்களுக்கென்று இணையத்தில் ஒரு ஃபோரம் இருந்தது. அங்கே எல்லோரையும் மிஞ்சிய வேகத்தைப் படத்தோடு போட்டான் செல்வின். படம் போலி என்று சொல்லி அவனை நீக்கிவிட்டார்கள். பெயருக்குப் பக்கத்தில் 'பொய்யன்' என்று சிவப்பில் எழுதியவர் ஃபோரத்தை நடத்திய இலியாஸ்.

அன்றிலிருந்து அந்தப் பக்கமே போகாதவன், பல வருஷம் கழித்து அதே சிப்பை எடுத்துக்கொண்டு கோவையில் இலியாஸ் வீட்டு வாசலில் போய் நின்றான். சாப்பாட்டு மேஜையில் எல்லாவற்றையும் மாட்டினான். சிப்பின் மேல் செம்புக் குவளையை நிறுத்தி, சூடேறாமல் இருக்க, புகையும் ட்ரை ஐஸை அதில் அள்ளி அள்ளிப் போட்டான். திரையில் வேகம் ஏறி, அன்று போட்ட அதே எண்ணில் வந்து நின்றது. இருவரும் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே சிப் கருகி, திரை இருண்டது.

இலியாஸ் கண்ணாடியைக் கழற்றினார். "நெசம்தான் தம்பி. நாங்கதான் தப்புப் பண்ணிட்டோம்."

"அதை ஃபோரத்துல எழுதுங்க பாய். எல்லாரும் பார்க்கணும்."

"அதை மூடி ரொம்ப நாளாச்சே. இப்ப வாங்குற கம்ப்யூட்டரே தானா அந்த வேகத்துல ஓடுது. யாரு வர்றா?"

"அப்ப அதுல இருந்தவங்ககிட்ட எப்படிச் சொல்றது?"

"எல்லாரையும் பட்டப்பேருலதான் தெரியும் தம்பி. நெசப் பேரு ஒண்ணும் தெரியாது."

உள்ளேயிருந்து இலியாஸின் மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார். "என்னங்க இந்தக் கருகல் நாத்தம்? யாரு இவரு?"

இலியாஸ் செல்வினைப் பார்த்தார். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

"கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்க வந்தவரு" என்றார்.

"ஆமாங்க" என்றான் செல்வின். "சரியாகல."