பித்த வாசலில் ஒரு விருந்தாளி

செவந்தியின் காய்ச்சலைத் தணித்த மாத்திரை, திரும்பும் வழியில் அவள் கல்லீரலின் பித்த வாசலில் சாவகாசமாக உட்கார்ந்து கதை பேசியது. ஒடுக்கமான வாசல் அது. பழைய ரத்தத்தின் கழிவான மஞ்சளுக்கு வெளியேற வேறு வழியில்லை.

“அக்கா, நான் போகலைன்னா கண்ணுக்கு ஏறிடுவேன். அவரை நகரச் சொல்லுங்க,” என்று கிசுகிசுத்தது மஞ்சள்.

“உதவ வந்தவரை எப்படிப்பா எழுப்புறது?” என்று கல்லீரல் தயங்கியது.

மறுநாள் கண்ணாடி பார்த்த செவந்தி, “ஐயோ, கண்ணெல்லாம் மஞ்சளா இருக்கே!” என்று அலறினாள். மாத்திரை பதறி எழுந்தது.

“என்னாலயா? ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாக்கா?”

“நீ வருத்தப்படுவியேன்னுதான்...”

மஞ்சளை முதலில் அனுப்பிவிட்டு மாத்திரை சொன்னது: “அடுத்த வேளைக்கு என் தம்பி வருவான். அவன்கிட்டயாவது சொல்லுங்க.”

“கொஞ்சம் நகருப்பா,” என்று கல்லீரல் தனக்குள் மெல்லச் சொல்லிப் பார்த்துக்கொண்டது.