பதுங்கறை டிரில்

“என் பொண்ணால குதிக்க முடியாதுன்னு எழுதிக் குடுத்துடுங்க நர்ஸம்மா. அது போதும்.”

இதைச் சொல்வதற்குள் உஸ்தினாவுக்கு வியர்த்துவிட்டது. பள்ளிக்கூடத்துக்கு வந்து குறை சொல்வது இதுதான் முதல் தடவை. ரொட்டிக்கடை வேலையிலிருந்து நேரே வந்திருந்தாள். வழியெல்லாம் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

பள்ளி நர்ஸ் தைசா, ஏழு வயது ஸோரியானாவின் முழங்காலை அழுத்திப் பார்த்தாள்.

“வலிக்குதா?”

“இல்லையே!”

“பொய். படுத்தா கால் வலி, கால் வலின்னு ஒரே அழுகை.”

“நெஞ்சு, மூச்சு, முட்டி எல்லாம் நல்லாயிருக்கு. பழக்கமில்லாம குதிச்ச வலிதான். ரெண்டு நாள்ல சரியாயிடும்.”

“அதுக்கில்ல நர்ஸம்மா. சைரன் ஊதினா மத்த ஸ்கூல்ல பிள்ளைங்களை மடியில வச்சுக்கிறாங்க, பாட்டுப் பாட வைக்கிறாங்க. இங்க அந்த டிரில் டீச்சர் குதி, குதின்னு விரட்டுறாங்களாம். பயந்து கிடக்கிற பிள்ளைங்க... மனசுன்னு ஒண்ணு வேண்டாமா? இது ஸ்கூலா, பட்டாளமா?”

“இதை அவங்ககிட்டயே கேளுங்களேன்.”

“ஐயோ, நானா?”

அப்போதுதான் சைரன் ஊதியது.

போர் தொடங்கியதிலிருந்து தினமும் குண்டு எச்சரிக்கை ஊதுவதால், த்னிப்ரோ நகரத்தில் சைரனுக்கு யாரும் பதறி ஓடுவதில்லை. பிள்ளைகள் வரிசையாகக் கட்டடத்துக்கு அடியிலிருந்த பதுங்கறைக்குப் படியிறங்கினார்கள். மகள் கையைப் பிடித்துக்கொண்டு உஸ்தினாவும் இறங்கினாள்.

கீழே டிரில் டீச்சர் ஹலினா மகரிவ்னா நின்றிருந்தாள். ஒரு கையில் விசில், ஒரு கையில் கைபேசி. பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல்.

“என்னடா இது, பூனை நடை? நேத்து மூணாங்கிளாஸ் குதிச்சதுல என் காதே அடைச்சுப்போச்சு. ரெண்டாங்கிளாஸ் காலையில கஞ்சி குடிச்சீங்களா, இல்லையா?”

“குடிச்சோம்!”

“அப்போ குதிங்க! பார்ப்போம்!”

ஸோரியானா கையை உதறிக்கொண்டு ஓடிவிட்டாள். உஸ்தினா மெல்லக் கிட்டே போனாள்.

“ஹலினா மகரிவ்னா... என் பொண்ணை விட்டுடுங்க. வீட்ல கதவு சாத்துற சத்தத்துக்கே மேஜைக்கடியில ஒளிஞ்சுக்கிறவ அவ.”

“தெரியும்மா. அப்புறம் பேசலாம். தள்ளி நில்லுங்க.”

டீச்சர் அவள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. கண் கைபேசியிலேயே இருந்தது. உஸ்தினாவுக்குச் சுருக்கென்றது.

திடீரென்று விசில் அலறியது.

“இப்போ! எல்லாரும் ஒண்ணா! பலமா! இன்னும் பலமா!”

அத்தனை பிஞ்சுக் கால்களும் தரையை இடித்தன.

அதே நேரம் வெளியே, பக்கத்துத் தெருவில் எங்கேயோ குண்டு விழுந்தது. கட்டடத்தையே ஒரு உலுக்கு உலுக்கியது. விளக்கு ஆடியது. கூரையிலிருந்து சுண்ணாம்பு கொட்டியது. உஸ்தினா காதைப் பொத்திக்கொண்டு சுவரோரமாகச் சரிந்துவிட்டாள்.

பிள்ளைகள் ஒருத்தரும் அழவில்லை. கைதட்டி ஆர்ப்பரித்தார்கள்.

தலையெல்லாம் வெள்ளைத் தூளோடு ஸோரியானா ஓடிவந்தாள். முகத்தில் அப்படியொரு பெருமை.

“அம்மா, பார்த்தியா? நாங்க குதிச்ச குதியில ஸ்கூலே ஆடிப்போச்சு! மூணாங்கிளாஸ்கூட இவ்வளவு ஆட்டலையாம்!”

உஸ்தினா நிமிர்ந்தாள். இப்போது ஹலினா மகரிவ்னா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லிவிடாதே என்று கண் கெஞ்சியது. அவள் கைபேசியில், குண்டு எப்போது விழும் என்று சொல்லும் எச்சரிக்கை இன்னும் சிவப்பாக மின்னிக்கொண்டிருந்தது.

உஸ்தினா பாவாடையைத் தட்டிவிட்டு எழுந்தாள்.

“இதெல்லாம் ஒரு ஆட்டமாடி? தள்ளு, அம்மாவுக்கும் இடம் விடு. அடுத்த விசிலுக்குக் காட்டுவோம்!”