நடுவில் விழுங்கிய வரி

திருவிருந்தின் அப்பமும் திராட்சரசமும் வாங்க மூன்றாவது வரிசை எழுந்துவிட்டது.

அடுத்தது நான்காவது. அதற்கடுத்தது அவளுடையது.

வரிசை எழுந்தாலும் அவள் எழமாட்டாள். காலை ஒதுக்கி மற்றவர்களுக்கு வழி விடுவாள். ஏழு வருடமாக, மாதத்தின் முதல் ஞாயிறு இப்படித்தான் போகிறது. மனஸ்தாபத்தோடு திருவிருந்து எடுக்கக் கூடாது என்பதில் அந்தச் சபை கறார். யார் எழவில்லை என்று பார்த்தால் போதும், யார் யாருக்குள் பேச்சில்லை என்பது ஊருக்கே தெரிந்துவிடும்.

மூன்றாவது வரிசையில் ஒருத்தி மட்டும் உட்கார்ந்திருந்தாள்.

எப்சிபா. அவளுடைய தங்கை.

சண்டை எதற்கு என்று சொன்னால் சிரிப்பீர்கள். வேதப்புத்தகத்துக்கு! அம்மாவை அடக்கம் செய்த மூன்றாம் நாள், அம்மாவின் வேதப்புத்தகத்தை எப்சிபா தன் பையில் வைத்து எடுத்துப் போனாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. "திருடி" என்று அக்காளான அவள் சொல்லிவிட்டாள், அத்தனை உறவுக்காரர்கள் முன்னால்.

ஒரே ஒரு சொல்தான். சொன்ன வாய்க்கு லேசு.

தங்கையின் பிடரி தெரிந்தது. கொண்டை நெல்லிக்காய் அளவுக்குச் சிறுத்து, முழுக்க நரைத்திருந்தது.

இவள் எப்போது இப்படிக் கிழவியானாள்?



அம்மாவின் அடுக்களை ஞாபகம் வந்தது. வசனம் சொன்னால்தான் காப்பி. அது அந்த வீட்டுச் சட்டம், அப்பாவுக்கே விலக்கு கிடையாது. காலையில் பல் தேய்த்த கையோடு அக்காளும் தங்கையும் அம்மா முன்னால் போய் நிற்பார்கள். கருப்பட்டிக் காப்பியின் வாசம் ஆளைத் தூக்கும்.

அந்த அவசரத்தில்தான் ஒருநாள் அவள் ஒப்புரவு வசனத்தைக் கடகடவென்று ஒப்பித்தாள். வாயாலேயே காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்தாள். வந்து செலுத்தினாள். முடிந்தது.

"நடுவுல போயி சகோதரன்ட்ட சமாதானம் ஆவணும்லா? அத முழுங்கிட்டியேட்டி," என்றாள் அம்மா. "காப்பி கெடையாது, போ."

எப்சிபாதான் கதவுக்குப் பின்னால் கூப்பிட்டுத் தன் காப்பியில் பாதியை ஊற்றிக் கொடுத்தாள். அப்போது தங்கைக்கு ஆறு வயது. அடடா, அந்தக் காப்பியின் ருசி!

அதற்குப் பிறகு அந்த வசனம் பிசகியதே இல்லை. முப்பது வருடம், ஞாயிறுதோறும் ஓய்வுநாள் பள்ளியில் எத்தனை பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக் கொடுத்திருப்பாள்! நடுவரியை விட்டால் உட்கார விடமாட்டாள்.

சொல்லிக் கொடுத்தாள், சரி.

போனாளா?

நான்காவது வரிசை திரும்பி வந்தது. அவள் வரிசை எழுந்தது.

அவளும் எழுந்தாள்.

 முன்னால் போனவர்கள் போய்க்கொண்டே இருந்தார்கள். அவள் மூன்றாவது வரிசையில் நின்றுவிட்டாள். குனிந்து, தங்கையின் தோளைத் தொட்டாள்.

"எப்சி, அன்னைக்கு நான் அப்படிச் சொல்லிருக்கக் கூடாது."

எப்சிபா நிமிரவில்லை. தோளில் இருந்த கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். அவ்வளவுதான், இரண்டு பேருக்கும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. கோயிலுக்குள் வைத்து ஒப்பாரியா வைக்க முடியும்? பக்கவாசல் வழியாக வெளியே போனார்கள்.

"நானும் ஒரு வார்த்த கேட்ருக்கணும்க்கா."

படியில் உட்கார்ந்து அழுதார்கள். பிறகு மூட்டுவலியைப் பற்றிப் பேசினார்கள். மருமகள்களைப் பற்றிப் பேசினார்கள். ஏழு வருடத்துப் பேச்சு அல்லவா, லேசில் முடியுமா?

மூக்கைச் சிந்தி, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தபோது, திருவிருந்து முடிந்து மேசையை வெள்ளைத் துணியால் மூடியிருந்தார்கள். போதகர் ஆசீர்வாதம் கூறிக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் கடைசித் தூணுக்குப் பின்னால் ஒட்டி நின்று தலையைக் குனிந்துகொண்டார்கள்.

கோயில் கலைந்தது. தூணுக்கு அந்தப் பக்கமாக முன்வரிசை ரூபவதி யாரிடமோ சொல்லிக்கொண்டு போனாள்.

"பாத்தியா, இந்த மாசமும் அக்காளும் தங்கச்சியும் திருவிருந்துப் பந்திக்கு வரல. இவளுவ திருந்தவே மாட்டாளுவ."

எப்சிபா சட்டென்று வாயைத் திறந்தாள்.

அவள் தங்கையின் கையை அழுத்தினாள்.

சொல்லிவிட்டுப் போகட்டும்.