ஒன்றுக்குப் பக்கத்தில் இரண்டு

கம்பத்துத் திராட்சைப் பந்தலுக்குள் வெயில் பொட்டுப் பொட்டாக விழுகிறது. மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த நீல மருந்தை அடித்துக்கொண்டிருந்த எஸ்தர், முதுகில் தொங்கும் டேங்கை இறக்காமலே செல்போனை இரண்டு கையிலும் ஏந்தி நிற்கிறாள். மகள் ஜெஸ்லினுடைய இதய ஆபரேஷனுக்கு மதுரையில் தேதி கிடைத்திருக்கிறது. "வருவதாக இருந்தால் ஒன்றை அழுத்தவும். வரவில்லை என்றால் இரண்டை அழுத்தவும்" என்கிறது ஸ்பீக்கரில் ஒரு பெண்குரல். "வர்றோம் தாயி, கட்டாயம் வர்றோம். டாக்டரய்யாகிட்ட சொல்லிருங்க." குரல் மறுபடி முதலிலிருந்து சொல்கிறது. "யக்கா, அது மிசினு. நீ ஒப்பாரி வச்சாலும் அதுக்குக் கேக்காது, நம்பர அமுக்கு!" என்று பக்கத்து வரிசையிலிருந்து லிங்கேஸ்வரன் கத்துகிறான். அமுக்குகிறாள். மருந்து காய்ந்து வெடித்த விரலைத் திரை விரலாகவே மதிக்கவில்லை. சேலையில் தேய்த்துவிட்டு மறுபடி அமுக்குகிறாள். "நீயாவது அமுக்குடா தம்பி, ஒனக்குப் புண்ணியமாப் போகும்." ஓடி வந்தவன் கையை விரித்துக் காட்டுகிறான். அதே வெடிப்பு, அதே நீலம். அந்தப் பந்தலுக்கடியில் இருக்கிற கை எல்லாமே நீலம்தான். "பதில் இல்லையென்றால் இந்தத் தேதி வேறொருவருக்கு வழங்கப்படும்." எஸ்தர் முகத்தில் கட்டிய துண்டை இறக்கி, குனிந்து, மூக்கை ஒன்றின்மேல் வைத்து அழுத்துகிறாள். அவள் மூச்சில் திரை மங்குகிறது. கீச்சென்று ஒரு சத்தம். "உங்கள் பதில் பதிவாகிவிட்டது. நன்றி." அழைப்பு அறுந்துபோகிறது. எந்தப் பதில் என்று குரல் சொல்லவே இல்லை. "எதுலக்கா பட்டுச்சு? ஒண்ணுலயா, ரெண்டுலயா?" என்கிறான் லிங்கேஸ்வரன். எஸ்தர் தன் மூக்கைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறாள்.