கருவாட்டின் மேல் சுழலும் பாடல்கள்

பிள்ளைச்சாவடிக் கடற்கரை மணலில் நண்பகல் வெயிலில் கருவாடு காய்கின்றது. அதன் மேலே கயிற்றில் கட்டப்பட்ட குறுந்தகடுகள் சுழன்று மின்னிக் காகங்களை விரட்டுகின்றன. அவை யாவும் ஒரு பாப் இசைக்குழுவின் விற்காத பாடல்கள். அக்குழுவின் பாடகன் ஃப்ளோரான், தன் பாட்டை மகளுக்குக் கேட்பிக்க ஒரு தகடேனும் வேண்டிப் பிரான்சிலிருந்து ஊர் திரும்பியிருக்கின்றான். ஒவ்வொன்றையும் வெயிலுக்கு நேரே பிடிக்கின்றான். பாட்டுப் பதிந்த வெள்ளிப் பூச்சை உப்புக்காற்று ஆங்காங்கே உரித்துவிட்டமையால் எல்லாவற்றின் ஊடாகவும் கடல் தெரிகின்றது.

“எட்டு வருஷம் பரண்மேல வச்சிருந்தேன்டா. ஒருத்தனும் கேக்கல,” என்கின்றான் அக்குழுவில் டிரம்ஸ் வாசித்த ஆனந்தராஜ்.

“கழட்டாதண்ணா, காக்கா வந்துடும்,” என்கின்றாள் அவன் மனைவி வரலட்சுமி. “நீ பாடுனதா இது? இவரு வூட்ல ஒருநாளும் போட்டதில்லியே. எங்க, ஒரு வரி பாடு.”

ஆனந்தராஜின் விரல்கள் மீன்கூடையின் மீது பிழையின்றித் தாளத்தைத் தொடங்குகின்றன. ஃப்ளோரான் வாய் திறக்கின்றான். முதல் வரி நினைவுக்கு வரவில்லை. தாளம் மட்டும் அவனுக்காக மீண்டும் மீண்டும் காத்திருக்கின்றது.