குற்றாலத்துக்குப் போகிற மூட்டைகள்

"ஏட்டி ஜெபகனி, நாம சாரலுக்குக் குத்தாலம் போறோமா, இல்ல ஊரையே காலி பண்ணிட்டுப் போறோமா?"

வாசலில் நின்ற வில்வண்டியையும், அதில் பாதி ஏறி நடுவீட்டில் பாதி கிடந்த மூட்டைகளையும் மாறி மாறிப் பார்த்தார் பாக்கியசீலன். கலெக்டர் கச்சேரியில் குமாஸ்தா. தென்காசிக்கு ரயில் விட்டதிலிருந்து வருஷம் தவறாமல் லீவு போட்டுவிட்டுக் குற்றாலம் போய் வருகிற பாளையங்கோட்டைக்காரர்களில் ஒருவர்.

ஜெபகனி நிமிரவில்லை. பயல்கள் மூவரின் சட்டைகளையும் மகள் பியூலாவின் கவுன்களையும் டிரங்குப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"பிள்ளையளுக்கு வேண்டியதுதான் வச்சிருக்கேன்."

"வேண்டியதா? ரெண்டு பானை என்னத்துக்கு?"

"ஒண்ணு சோத்துக்கு. ஒண்ணு வெந்நிக்கு. அருவியில நனைஞ்சு வந்தா பிள்ளையளுக்குச் சளி பிடிக்கும்லா?"

"அருவித் தண்ணியில குளிக்கத்தான அம்புட்டுத் தூரம் போறோம்! அதுக்கு மேல வெந்நி வேறயா?"

பெரிய பானை வண்டியிலிருந்து இறங்கியது.

"உங்க இஷ்டம்" என்றாள் ஜெபகனி.

போன வருஷம் ஓர் அகப்பைக்காக வாசலில் நின்று வாதாடியவள் இவள். இத்தனை சுலபமாக விட்டுக்கொடுப்பாள் என்று பாக்கியசீலன் எதிர்பார்க்கவில்லை. உற்சாகம் பிறந்துவிட்டது. கச்சேரியில் விண்ணப்பங்களைத் தள்ளுபடி செய்கிற தோரணையில் ஒவ்வொரு மூட்டையாக அவிழ்க்க ஆரம்பித்தார்.

"இது என்ன ஓலைக் கொட்டான்?"

"பியூலாவுக்குப் பழந்துணி. ராத்திரி நனைச்சுப்போடுவா. சாரல்ல துணி காயாது, கூடுதலா இருக்கட்டும்."

"பாதி போதும். இந்தச் சீசா?"

"ஓமத்தண்ணி. மாம்பழம் தின்னுட்டு வயித்த வலிக்குன்னு ஆளாளுக்கு உருளுவானுவ."

"திங்காம பாத்துக்கிட்டா போச்சு. எடு."

ஜெபகனி வெளியே எடுத்து வைத்தாள். ஊறுகாய்ப் பரணி இறங்கியது. பொடிச் சம்புடம் இறங்கியது. அரிக்கேன் விளக்கில் ஒன்று இறங்கியது. வண்டிக்காரர் தாவூது ஏற்றியதையெல்லாம் தாமே இறக்கி அலுத்துப்போய், மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றார்.

"பாத்தீரா வே, பாரம் எப்படிக் கொறஞ்சுபோச்சு!" என்று அவரிடம் பெருமையாகச் சொன்னார் பாக்கியசீலன்.

"கொறஞ்சிருக்கு, ஐயா. ஆனா ரயிலு நமக்காண்டி நிக்காது. சீக்கிரம் ஏறுங்க."

ஜெபகனி கடைசி மூட்டையைக் கட்டினாள். பியூலாவின் கம்பளிக் குல்லா கையில் இருந்தது. இரண்டு வயதுப் பிள்ளையின் தலைவாசம் அதில் அப்படியே இருந்தது. அதை மூக்கருகே வைத்தபடி கொஞ்ச நேரம் நின்றாள். வேண்டாமோ என்று ஒரு கணம் தோன்றியது. பிறகு குல்லாவை உள்ளே திணித்து முடிச்சை இறுக்கினாள்.

"இங்கன கேளுங்க. பெரியவனுக்குப் புளி ஆகாது, இருமுவான். நடுவுல உள்ளவன் தூக்கத்துல எந்திரிச்சு நடப்பான், கதவுக்கு மேல்தாப்பாதான் போடணும். சின்னவன் நேசையா பல்லு தேச்சேன்னு பொய் சொல்லுவான், வாயைத் திறந்து பாக்கணும். பியூலா ராத்திரி முழிச்சா தூக்கித் தோள்ல போட்டு நடக்கணும், உக்காந்தா அழுவா."

"இதையெல்லாம் எதுக்குட்டி எங்கிட்டச் சொல்லுதே?"

"நாலு பிள்ளையளுக்குத் தகப்பன். தெரிஞ்சு வச்சுக்கிடுங்க."

"தெரிஞ்சு எனக்கு என்ன ஆவப்போவுது? நான் காலையில அருவி, மத்தியானம் ஒரு தூக்கம், சாயந்தரம் காத்து வாங்க ஒரு நடை. வருசம் பூரா கச்சேரியில மாரடிக்கவனுக்கு வேற என்ன வேணும்?"

ஜெபகனி சிரித்தாள். அவர் மேல்துண்டை உதறித் தோளில் போட்டுவிட்டாள். நான்கு வீடு தள்ளி நிற்பவர்களுக்கும் கேட்கிற மாதிரி பயல்கள் "குத்தாலம்! குத்தாலம்!" என்று கத்திக்கொண்டு வண்டிக்குள் பாய்ந்தார்கள். ஒருவன் மற்றவன் காலை மிதித்தான். மிதிபட்டவன் மூன்றாமவனைக் குத்தினான்.

"ஏலே, சும்மா இருங்கலே!" என்று அதட்டிக்கொண்டே பாக்கியசீலனும் ஏறினார். நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, பக்கத்தில் இடம் விட்டார்.

"ஏறுட்டி, நேரமாச்சு."

ஜெபகனி பியூலாவை இறுக்கி அணைத்து முத்தமிட்டாள். பிள்ளையை அவர் மடியில் உட்கார்த்திவிட்டுப் பின்னால் தள்ளி நின்றாள்.

"நான் வரல."

"வரலியா? ரயிலுக்கு நேரமாவுது, இது என்ன வெளையாட்டு?"

"வெளையாட்டு இல்ல. போன வருசம் குத்தாலத்துல இருந்து வந்ததும் எங்க அண்ணன்கிட்ட என்ன சொன்னீய? 'ஒங்க தங்கச்சிக்கென்ன, சாரல்ல சவுரியமா ஓய்வெடுத்துட்டு வந்திருக்கா'ன்னு சொன்னீயள்லா?"

வண்டியை விடும்படி தாவூதுக்குக் கையைக் காட்டினாள் ஜெபகனி.

"அந்த ஓய்வை வருசா வருசம் நானே எடுத்துக்கிட்டா நல்லாவா இருக்கும்? இந்தத் தடவை நீங்க எடுத்துட்டு வாங்க."